புஷ்பபாய் துணைக்குப் போன பெட்டி

செங்கல் சூளையில் அடுக்கு சரிந்து ஒரு அசாம் பையன் இறந்து போனான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில், பிரேத அறைக்கு வெளியே, அவனை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். கூட வேலை செய்த பையன்கள் ஊரில் இருக்கும் அவன் அம்மாவுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டுவதற்காக போனைத் தூக்கினார்கள். புஷ்பபாய் அக்கா வேறொரு பிரேதத்துக்காக அங்கே காத்து நின்றாள். "கொஞ்சம் நில்லுங்க பிள்ளைகளே" என்று கையை நீட்டினாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய கை புரிந்தது. அவள் சேலை முந்தியைத் தண்ணீரில் நனைத்து, அவன் காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். தலைமுடியை விரலால் கோதி ஒதுக்கினாள். சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டாள். பிறகு விலகிக்கொண்டு, "இனி காட்டுங்க, பெத்தவ பாக்கட்டும்" என்றாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள்தான் பிறகு பேப்பரில் வந்தாள். வெடிமருந்து, தீவிரவாதக் கும்பல், கடத்தல்காரர்களோடு தொடர்பு என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சின்ன எழுத்தில் "வயதான பெண் ஒருவரும் விசாரிக்கப்பட்டார்" என்று போட்டிருந்தார்கள். பெயர் போடவில்லை. எங்கள் சபையில் எல்லாருக்கும் யார் என்று தெரியும். அந்த வெட்கம் அவளுக்கு மட்டும் உரியது அல்ல, எங்களுக்கும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவில், எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. ரப்பர் தோட்டத்தில் ஒரு வரிசை மரம் கேரளம் என்றால் அடுத்த வரிசை தமிழ்நாடு. கல் நட்டிருக்கிறார்கள். கல்லைப் பார்த்து யாரும் நடப்பதில்லை. புஷ்பபாய் அக்கா அண்டியாப்பீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை பார்த்தாள். அந்தக் கறை ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். திருவிருந்து எடுக்கப் போகும்போது கையை மடக்கி வைத்துக்கொள்வாள். அவளுடைய கணவர் நேசையன் ரப்பர் பால் வெட்டினார். மகள் லிஷா கல்யாணமாகிப் பாலக்காட்டில் இருக்கிறாள்.

நேசையன் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இறந்தபோது, அவரை ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டு வர அக்கா ஒருத்திதான் இருந்தாள். வழியெல்லாம் டிரைவர் சினிமாப் பாட்டு வைத்திருந்தான். பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள்: "அத அணைச்சிரு மக்கா எண்ணு சொல்லக்கூட எனக்கு நாக்கு எழும்பல்ல பிள்ளே. அவரு ஒரு பக்கம் ஆடி ஆடி வாறாரு. பாட்டு ஒரு பக்கம்."

அதற்குப் பிறகு, சுற்று வட்டாரத்தில் யார் இறந்தாலும், எந்த மதமானாலும், வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் அக்கா ஆம்புலன்சில் துணைக்குப் போவாள். மடியில் கீர்த்தனைப் புத்தகம். பெட்டியின் மேல் ஒரு கை. மெதுவாகப் பாடிக்கொண்டே வருவாள். இந்து வீட்டுப் பிரேதம் என்றால் பாட மாட்டாள், வாயை அசைத்து ஜெபம் மட்டும் செய்வாள். கூலி வாங்க மாட்டாள். டிரைவர்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். எல்லையில் நிற்கிற இரண்டு மாநிலத்துப் போலீசுக்கும் தெரியும். அமரவிளையில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற விபின் என்ற பையன், அவள் இருக்கிற வண்டி வந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பான். அவனுடைய அப்பாவைக் கொண்டு வந்ததும் அவள்தான்.

இனி அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ரேஷனில் சும்மா கொடுக்கிற அரிசி, இந்தப் பக்கம் மில்லில் தீட்டி, பெயர் அச்சடித்த சாக்கில் ஏறி, விலை அரிசியாகிவிடும். பெண்கள் பையில் கொண்டு வருவார்கள். பையன்கள் பைக்கில் கொண்டு வருவார்கள். பெரிய ஆட்கள் டெம்போவில் கொண்டு வருவார்கள். இதை எங்கள் ஊரில் யாரும் பாவம் என்று நினைத்ததில்லை. "அரிசி தானே, கஞ்சாவா?" என்பார்கள். எங்கள் வீட்டு இட்லியும் அந்த அரிசிதான். புஷ்பபாய் அக்காவின் தங்கை சரசம்மாவின் மகன் அனில், டெம்போவுக்கு முன்னால் பைக்கில் போய் வழியில் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுகிறவன். நல்ல சிரிப்புள்ள பையன். சபையில் கிறிஸ்துமஸ் பஜனைக்கு டிரம் அடிப்பான். அறுவடைப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை எல்லாரையும் விடக் கூட்டிக் கேட்டு எடுத்து, "வலியம்மைக்கு" என்று சொல்லி அக்காவின் கையில் கொடுப்பான். தாயின் அக்காளை இங்கே வலியம்மை என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த அனில்தான் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டான்.

"வலியம்மே, ஒரு பாவப்பட்ட மனுசன். அந்தப் பக்கம் பாறைமடையில கல்லு விழுந்து செத்துப்போனான். வீடு நெய்யாற்றின்கரைக்கு வடக்க. கூட வர ஒரு பெண்ணாளு இல்ல."

"ஏன் எல, அவனுக்குப் பொண்டாட்டி இல்லியா?"

"அவளுக்கு இன்னும் சொல்லல்ல. முகம் சிதைஞ்சு போச்சு. பெட்டிய ஆணி அடிச்சாச்சு. நீங்க நெய்யாற்றின்கரை வரைக்கும் இருந்தா போதும், அங்க சொந்தக்காரங்க ஏறுவாங்க."

"பேரு என்னது?"

அனில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞானசிகாமணி" என்றான்.

அக்கா பாறசாலைச் சந்தையில் ஒரு செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ப் பெட்டியின் மேல் போட்டாள். வழியெல்லாம் பாடினாள். எல்லையில் நிறுத்தவில்லை. அமரவிளையில் விபின் தொப்பியைக் கழற்றினான். நெய்யாற்றின்கரையில் யாரோ இருவர் ஏறினார்கள். அக்கா இறங்கி, வண்டி மறைகிறவரைக்கும் நின்று, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள்: "ஞானசிகாமணியிண்ணு ஒரு சகோதரன், அவனுக்க வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டி எல்லாரும் ஜெபிக்கணும்." நாங்கள் ஜெபித்தோம். எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் சோறு வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவோம். பிடியரிசி என்போம். அந்த மாதத்துப் பிடியரிசியை ஞானசிகாமணியின் விதவைக்குக் கொடுப்போம் என்று அக்கா கேட்டாள். கூட்டத்தில் ஒருத்திகூட மறுக்கவில்லை. சாக்கில் கட்டி அனிலிடம் கொடுத்து விட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனான். துக்கம் என்று நினைத்தோம்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு பெட்டிக்கும் அவன் அவளைக் கூப்பிட்டான். அதற்கும் போனாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், ஞாயிறு ஆராதனைக்காக நாங்கள் பெண்கள் சேர்ந்து கோயிலைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருத்தி பெண், அமிர்தா என்று பெயர் சொன்னாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஈரத் தரையில் மெதுவாக நடந்து வந்தாள். புஷ்பபாய் அக்கா கையில் துடைப்பத்தோடு நின்றாள்.

அமிர்தா ஒரு படத்தைக் காட்டினாள். ஆம்புலன்ஸ் கண்ணாடி வழியாக அக்காவின் முகம், மடியில் புத்தகம். ரோட்டில் வைத்திருக்கிற கேமராவில் எடுத்தது.

"இது நீங்களா அம்மா?"

"ஆமா மக்களே. நான்தான்."

அடுத்த படத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்னறை. தரையில் ஒரு சவப்பெட்டி, திறந்திருக்கிறது. பக்கத்தில் சாய்த்து வைத்த மூடியில் வாடிப்போன மாலை. பெட்டிக்குள் ஆள் இல்லை. பாறை உடைக்கிற ஜெலட்டின் குச்சிகள், கட்டுக் கட்டாக.

அக்கா படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிட்டே கொண்டு வந்து பார்த்தாள். "இந்த ஆள எங்க கொண்டு போனாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போதும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அமிர்தா பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, இதில ஆளே இல்ல. இது ஒரு தீவிரவாதக் கூட்டத்துக்குப் போன சரக்கு. பஸ் ஸ்டாண்டில வைக்க இருந்தாங்க. அதுக்கு முன்னால பிடிச்சாச்சு."

"நான் பாடினேனே" என்றாள் அக்கா.

"அதனாலதான் யாரும் திறக்கல்ல."

அக்கா கோயில் பெஞ்சில் உட்கார்ந்தாள். துடைப்பம் கையிலேயே இருந்தது. அமிர்தா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். அரிசி கடத்துகிற முதலாளி ஒருவன், கள்ளச்சாராய ஸ்பிரிட் கேசில் ஜெயிலுக்குப் போனபோது, அங்கே இந்தக் கூட்டத்து ஆள் ஒருவனோடு பழகியிருக்கிறான். "இவனுக்கு ஒரு கொள்கையும் கிடையாது. அவங்க சொல்றத இவன் நம்பவும் இல்ல. அவங்களுக்கு வழி வேணும், இவன்கிட்ட வழி இருக்கு, ஆளிருக்கு, வண்டி இருக்கு. அரிசி போன வழியில இது போச்சு. ஆம்புலன்ஸ் டிரைவர் பிடிபட்டாச்சு. ஏற்பாடு செஞ்சதே நீங்கதான்னு சொல்றான். உங்கள யாரு விளிச்சாங்க?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். கோயிலைக் கழுவிக்கொண்டிருந்தவர்களில் சரசம்மாவும் இருந்தாள். அவள் கையில் வாளி. தண்ணீர் ததும்பித் தரையில் விழுந்தது.

"திங்கக்கிழமை நான் வந்து சொல்லுதேன்" என்றாள் அக்கா.

அமிர்தா சரசம்மாவைப் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். "திங்கக்கிழமை நெய்யாற்றின்கரை ஆபீசுக்கு வாங்க. வரல்லன்னா நான் வண்டி கொண்டுதான் வரணும்." எழுந்தவள் நின்று இன்னொன்றும் சொன்னாள். "அமரவிளையில வண்டிய விட்ட பையன சஸ்பென்ட் செஞ்சாச்சு. காசு வாங்கிக்கிட்டு விட்டான்னு விசாரணை."

"விபினா?" என்றாள் அக்கா. "அவன் காசு வாங்க மாட்டான். அவன் எனக்கு வேண்டி விட்டான்."

"அத யாராவது சொல்லணும் இல்லையா, அம்மா?"

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் சுந்தரதாஸ் எங்களைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துபோயிருந்தார்.

"புஷ்பம், நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். ஆம்புலன்சுக்காரன் விளிச்சான், போனேன், அவ்வளவு பறஞ்சா போதும். அனிலுக்க பேர எடுத்தா அவன் முதலாளிக்க பேர எடுப்பான். முதலாளிக்க பேரு வந்தா இந்த ஊர்ல பையில அரிசி கொண்டு வாறவளுவ எல்லாரும் ஸ்டேசன்ல இருப்பாளுவ."

"அரிசி கொண்டு வாறவ நானில்லியா" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

சரசம்மா நேராக அக்காவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அவன் தெரியாம செஞ்சதாக்கும் அக்கா. ஒனக்க கையில வளந்தவன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"பின்ன?"

நாங்கள் எல்லாரும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பேசாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொருத்தியும் உள்ளே ஆசைப்பட்டோம். கர்த்தருடைய வீட்டுக்குள் நின்றுகொண்டு அப்படி ஆசைப்பட்டோம்.

அன்று மதியம் அனில் அவள் வீட்டுக்கு வந்தான். நான் அவளுக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன். அவன் வாசலில் செருப்போடு நின்றான். அக்கா அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"வலியம்மே, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. என்ன ஏத்துதாங்கன்னு நாங்க கேக்கப்படாது. வண்டி போவணும், அவ்வளவுதான். அரிசிக்கும் அப்பிடித்தான், ஸ்பிரிட்டுக்கும் அப்பிடித்தான். இதும் ஸ்பிரிட்டுண்ணுதான் நெனச்சேன்."

"ஸ்பிரிட்டுண்ணு நெனச்சு எனக்க கைய அதுக்க மேல வைக்கச் சொன்னியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எதுக்கு என்ன விளிச்ச? ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"நீங்க பாடுனா போலீசு டார்ச்சுகூட அடிக்க மாட்டான், வலியம்மே."

அக்கா கேட்டாள்: "அப்ப ஞானசிகாமணி?"

"யாரு?"

"செத்தவன் எல. கல்லு விழுந்தவன்."

"அப்பிடி ஒருத்தன் இல்ல. நீங்க பேரு கேட்டிய. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை போர்டுல அந்தப் பேரு கிடந்துது."

"பொண்டாட்டி பிள்ளையளு?"

"ஒருத்தரும் இல்ல, வலியம்மே."

அவள் அதை மட்டும் நம்ப மறுத்தாள் என்று தோன்றியது. தினமும் ராத்திரி முழங்காலில் நின்று அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபித்தவள் அவள். மனதுக்குள் அவர்களுக்கு ஒரு வீடும் கொடுத்திருப்பாள். "நாங்க கொடுத்த பிடியரிசி?" என்று கேட்டாள்.

அனில் அழத் தொடங்கினான். "டெம்போவில மத்த அரிசியோட ஏத்தி விட்டுட்டேன். வேற என்ன செய்யட்டும்? நான் அத வீட்டுக்குக் கொண்டு போனா அம்மை கேப்பாளே."

அக்கா சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று நான் பார்த்தேன். அழவில்லை. வெட்கத்தில் ஒரு மனுஷி அப்படி முகத்தை மூடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எல மக்கா, கேளு" என்றாள். "நாளைக்கு நான் போவேன். ஒனக்க பேரச் சொல்லுவேன். நீ அதுக்கு முன்ன போய்ச் சொன்னா ஒனக்கு நல்லது."

"என்ன கொன்னுருவானுவ வலியம்மே."

"போலீசு அடிக்கும். அவனுவ கொல்லுவானுவ. எனக்குத் தெரியும். ஆனா அந்த விபினுக்க சோறு போச்சு. அவன் என்ன நம்பித் தொப்பியக் கழத்தினான்."

"அவன் உங்களுக்கு யாரு? நான் உங்க ரத்தம் இல்லியா?"

"அதாக்கும் எனக்கு வெட்கம்" என்றாள் அக்கா.

அவன் போய்விட்டான். தானாகப் போய் போலீசில் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். துணைக்கு நான் போனேன். ஆபீசில் அமிர்தா கேட்டதற்கெல்லாம் மெதுவாக, ஒன்று விடாமல் பதில் சொன்னாள். அனிலின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள். "எனக்க தங்கச்சிக்க மகன் அனில்" என்று, உறவையும் சேர்த்தே சொன்னாள்.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "நான் போனது ரெண்டு பெட்டி. நீங்க காட்டினது ஒண்ணு. மத்தது எங்க?"

அமிர்தா எழுதுவதை நிறுத்தினாள். "தேடிக்கிட்டு இருக்கோம் அம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது அமரவிளையில் இறங்கச் சொன்னாள். விசாரித்து விபின் வீட்டைக் கண்டுபிடித்தோம். சின்ன வீடு. முற்றத்தில் குழந்தையின் சைக்கிள் கிடந்தது. விபின் லுங்கியோடு வெளியே வந்தான். யூனிபாரம் இல்லாமல் அவனைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தான். அக்கா இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயோ அம்மச்சி, அப்பிடி செய்யாதீங்க" என்று அவன் ஓடி வந்து கையைப் பிடித்தான். "தொறந்து பாக்கணும்ணு தான் ஆர்டர். தொறக்காதது எனக்க தப்பாக்கும்."

"நான் ஒன்ன ஏமாத்தினேன் மோனே."

"நீங்க ஏமாத்தல்ல. உங்களையும் ஏமாத்தினானுவ." அவன் மனைவியைக் கூப்பிட்டுச் சாயா போடச் சொன்னான். அந்தப் பெண் கொண்டு வந்து வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா டம்ளரைக் கையில் எடுத்தாள், வாயருகே கொண்டு போனாள், குடிக்க முடியாமல் கீழே வைத்தாள். அவன் நல்ல வார்த்தை சொல்லச் சொல்ல அவள் இன்னும் குன்றிப் போனாள். கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அனிலைப் பிடித்தார்கள். அவன் மூலம் மேலும் சிலரைப் பிடித்தார்கள். அரிசி முதலாளியையும் பிடித்தார்கள். விபினுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சுந்தரதாஸ் பயந்தது போல ஊர்ப் பெண்களை யாரும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எல்லையில் மட்டும் பையைத் திறந்து பார்த்தார்கள், அரிசியை எடுத்துக்கொண்டார்கள். அதற்கே அக்காவோடு பேசாமல் போனவர்கள் உண்டு.

சரசம்மா கோயில் வாசலில் வைத்து, எல்லாரும் கேட்க, "செத்தவனுக்கெல்லாம் ஒப்பாரி வைக்கத் தெரியும் இவளுக்கு. உயிரோட இருந்தவன கொண்டுபோய்க் குழியில போட்டா" என்றாள். அக்கா குடையை மடக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனாள். சரசம்மா வருகிறாள் என்பதால் அதற்குப் பிறகு அவள் முதல் ஆராதனைக்கு வராமல் மாலை ஆராதனைக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட மாட்டாள். புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள், உதடு அசையாது.

ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. டிவியில் எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால், எந்த நாட்டில் என்றுகூடக் கேட்காமல், ஓடி வந்து என்னிடம் கேட்பாள்: "பிள்ளே, அது அந்த மத்தப் பெட்டியா?" இல்லை அக்கா, அது தூரத்தில் என்று சொல்லுவேன். "தூரம் எவ்வளவு?" என்பாள். அந்தப் பெட்டியைப் பற்றிப் போலீஸ் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் சபையில் ஒரு பெரியவர் மெடிக்கல் காலேஜில் இறந்தார். வீட்டார் கூப்பிட, அக்கா நெடுநாளைக்குப் பிறகு துணைக்குப் போனாள். அமரவிளையில் புதிதாக வந்த போலீஸ்காரர் அவளைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். மகன்கள் அழுதுகொண்டு நிற்க, நடுரோட்டில் பெட்டியைத் திறந்து, துணியை விலக்கிப் பார்த்தார்கள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த மகன்களில் மூத்தவன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து ஜனங்கள் கலையும்போது, "மாமி, இனி யாருக்கும் வேண்டி நீங்க ஏற வேண்டாம்" என்று தாழ்மையாகச் சொன்னான். அவன் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் அவளை முடித்துவிட்டது.

மகள் லிஷா வந்து அவளைப் பாலக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தாள். வீட்டைப் பூட்டினார்கள். பாறசாலை ரயில் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நான் மட்டும் போனேன். சபையிலிருந்து வேறு யாரும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் வருவதாகத்தான் சொல்லியிருந்தோம்.

பிளாட்பாரத்தில் அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் சேலைக்குள் அரிசிப் பையை மறைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள், திட்டவில்லை, ஒதுங்கி அவர்களுக்கும் உட்கார இடம் கொடுத்தாள். லிஷா தண்ணீர் வாங்கப் போனாள்.

"அனிலப் பாத்தியா அக்கா?" என்று கேட்டேன்.

"ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னான். என்னப் பாத்து சிரிச்சான் பிள்ளே, பழையபடி. நான் என்னத்தச் சொல்லுது? சாப்பிட்டியா எண்ணு கேட்டேன். சாப்பிட்டேன்னான். அங்கயும் இந்த அரிசிதானாம்."

வண்டி வந்தது. லிஷா அவளைக் கைபிடித்து ஏற்றினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். கறுத்த விரல்கள், சூடாக இருந்தன. மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"ஒரு காரியம் சொல்லுதேன், நீ மறக்கப்படாது" என்றாள். "நான் அங்க செத்தா இவ என்ன இங்கதான் கொண்டு வருவா, அவருக்க பக்கத்தில வைக்க. அப்ப பெட்டியில ஆணி அடிக்கப்படாது. ஒருத்தரும் பாட வேண்டாம். வழியில போலீசு கைகாட்டுதோ இல்லியோ, நீங்களா நிறுத்தணும். தொறந்து காட்டணும். உள்ள நான் தான் கிடக்கேன்னு அவங்க பாக்கட்டும், கேட்டியா?"